நாற்காலி போனதும் நாங்கள் எடுத்த விழா

அவைக்கு அணியாகவும் அமைதிக்கு அரணாகவும் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, நம் மக்கள் மருத்துவ நிலையத்தின் நாடியாய் விளங்கும் டாக்டர் அவர்களே, என்னோடு நிர்வாகக் குழுவில் இருந்து எல்லாத் தீர்மானங்களுக்கும் கை தூக்கிய உறுப்பினர் பெருமக்களே, முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் பெரியோர்களே, மடியில் பிள்ளையும் மனத்தில் கவலையுமாக வந்திருக்கும் தாய்மார்களே, இன்று நம்மைப் பிரிந்து செல்லும் மருத்துவ உதவியாளர், நம் அன்புக்குரிய சிஸ்டர் அவர்களே, உங்கள் அனைவருக்கும் இந்த இரும்புக் கடைக்காரனின், நிலையத்துச் செயலாளனின், பணிவான வணக்கம்.

என்னம்மா, பின்னால் கேட்கவில்லையா? மைக்கைக் கொஞ்சம் தூக்கி வைக்கிறேன். இப்போது கேட்கிறதா? நல்லது.

பிரிவுபசார விழா என்றால் இந்த வட்டாரத்தில் என்னைத்தான் பேசச் சொல்வார்கள். பேசிப் பேசிப் பழகிய வாய். நம் நிலையத்துக்கு உதவியாளர்கள் வந்தார்கள், சென்றார்கள். வந்தவர் எல்லாம் வல்லவர். சென்றவர் எல்லாம் நல்லவர். ஆனால் நின்றவர் யார்? நிலைத்தவர் யார்? 'உதவியாளர் தேவை' என்று வாசலில் மாட்டிய பலகையை இறக்கவே நேரமில்லாமல் அதற்கு இருமுறை வண்ணம் பூசிவிட்டோம். ஏன் போகிறார்கள்? எங்கே போகிறார்கள்? குழுவில் கூடிக் கூடிப் பேசியும் எங்களுக்குப் புரியவில்லை.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு செய்தி. நம் நிலையத்தில் டாக்டருக்குச் சுழல் நாற்காலி உண்டு. நோயாளிகளுக்கு நீள பெஞ்சு உண்டு. உதவியாளருக்கு மட்டும் நாற்காலி கிடையாது. ரத்த அழுத்தம் பார்ப்பதும் ஊசி போடுவதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் நின்றுகொண்டு செய்கிற வேலைதானே என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட்டோம். அதனால் வருகிறவர் தம் வீட்டிலிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து திரைச்சீலைக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்வார். போகும்போது எடுத்துக்கொண்டு போவார். நாற்காலி போனால் ஆள் போகிறார் என்று பொருள். இது எங்களுக்குள் எழுதாத சட்டம்.

போன வாரம் நம் காவலாளி, சிஸ்டர் தம் நாற்காலியை ஆட்டோவில் ஏற்றிக் கட்டுவதைப் பார்த்தார். தலைவருக்குப் போன் போட்டார். தலைவர் எனக்குப் போட்டார். அன்று மாலையே கூடினோம். மண்டபம் பிடித்தோம், பேனர் அடித்தோம், சுவர்க் கடிகாரம் வாங்கினோம், காவலாளி கையிலேயே சிஸ்டருக்கு அழைப்பிதழும் அனுப்பினோம். ஆள் தேடுவதில்தான் நாங்கள் ஆமை. வழியனுப்புவதில் எங்கள் வேகம் வேறு எவருக்கும் வராது.

அந்த அழைப்பை ஏற்று இதோ வந்திருக்கிறார் சிஸ்டர். கைராசிக்காரர், கனிவுக்காரர், கத்துகிற குழந்தையையும் கதை சொல்லிக்கொண்டே கையை நீட்ட வைக்கிற வித்தைக்காரர். பாருங்கள், அவர் கண்கள் கலங்குகின்றன. கலங்காதா? பழகிய இடத்தைப் பிரிகிற நெஞ்சம் பதறாதா? பரிதவிக்காதா?

யார் அது, எழுந்து நிற்பது? சிஸ்டரின் வீட்டுக்காரரா? எலக்ட்ரீஷியன் தம்பிதானே? உட்காருங்கள், உங்களுக்கும் பேச வாய்ப்பு உண்டு. என்ன? மெதுவாகச் சொல்லுங்கள். பின்னால் இருப்பவர்களுக்காக நான் திருப்பிச் சொல்கிறேன். "அவ எங்கயும் போறேன்னு சொல்லவே இல்லையே. நீங்கதானே அனுப்பறீங்க?" என்கிறார்.

நாங்களா? தம்பி, நாற்காலியை ஆட்டோவில் ஏற்றினாரே?

"அது கால் ஆடுதுன்னு தச்சுப் பட்டறையில குடுத்திருக்குங்க" என்கிறார்.

சிரிக்காதீர்கள். தாய்மார்களே, தயவுசெய்து சிரிக்காதீர்கள். காவலாளி எங்கே? ஏனப்பா, போகிறார் என்று நீதானே சொன்னாய்? "நாற்காலி போகுதுன்னுதாங்க சொன்னேன், ஆள் போகுதுன்னு நான் சொல்லவே இல்லை" என்கிறார். தலைவர் அவர்களே, நீங்கள்தானே எனக்குச் சொன்னீர்கள்? தலைவர் என்னைக் கைகாட்டுகிறார். நான்தான் அவருக்குச் சொன்னேனாம். நான் சொன்னேனா? சொன்னேனோ? அப்படியானால் சிஸ்டரிடம் கேட்டது யார்? குழுவில் இத்தனை பேர் இருக்கிறோமே, கேட்டது யார்? டாக்டர் ஐயா, தினமும் அடுத்த அறையில் இருக்கிறீர்களே, நீங்கள் கேட்டீர்களா? ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள். தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

எனக்கு இப்போது இன்னொரு குழப்பம் வருகிறது. சிஸ்டருக்கு முன்னால் இருந்தாரே, உயரமான ஓர் அம்மா. அவருக்கு இதே மண்டபத்தில் விழா எடுத்தபோது, "எனக்கா? எதுக்குங்க?" என்று கேட்டார். தன்னடக்கம் என்று நான் அதையே வைத்துக் கால் மணி நேரம் பேசினேன். நீங்களும் கைதட்டினீர்கள். அது தன்னடக்கம்தானா? அவர் நாற்காலியும் எங்காவது பிரம்புப் பின்னல் மாற்றத்தான் போயிருந்ததா? அவரை எங்கே போய்க் கேட்பது? எத்தனை பேரை நாம் வழியனுப்பினோம், எத்தனை பேரை நாமே விரட்டினோம்? எனக்குத் தெரியவில்லை. ஐயா, மெய்யாகவே எனக்குத் தெரியவில்லை.

சிஸ்டர், நீங்களே சொல்லுங்கள். இந்தாருங்கள் மைக். வேண்டாமா? சரி, என்னிடம் சொல்லுங்கள், நான் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

"அழைப்புப் பத்திரிகையைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. என்ன தப்புப் பண்ணினேன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன். யாருகிட்டப் போய்க் கேக்கறது? வீட்டுல ரெண்டு பிள்ளைங்க. கடைத்தெரு தனியார் ஆஸ்பத்திரியில விசாரிச்சேன். திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிட்டாங்க."

திங்கட்கிழமை.

கேட்டீர்களா, தாய்மார்களே? போக நினையாதவரைப் போக வைத்துவிட்டோம். ஆட்டம் கண்டது நாற்காலியின் ஒரு கால். அதற்கு மண்டபம் பிடித்த குழு எங்கள் குழு. ஆள் கிடைக்கவில்லை, ஆள் கிடைக்கவில்லை என்று அலறுகிறோமே, கிடைத்த ஆளிடம் என்றைக்காவது நின்று நாலு வார்த்தை பேசினோமா? இரும்பை விற்கிறவன் நான். துருப்பிடிக்காமல் துடைத்து வைக்கிறேன். மனிதர்களை அந்த அளவுக்காவது பார்த்தேனா? வெட்கமாக இருக்கிறது. சிஸ்டர், இந்த அவையின் சார்பில் கேட்கிறேன், போகாதீர்கள். இங்கேயே இருங்கள்.

கைதட்டுகிறீர்கள். நல்லது. சிஸ்டர் ஏதோ சொல்கிறார், சற்று அமைதி.

"இத்தனை பேர் பாக்கறப்பக் கேட்டா நான் எப்படிங்க முடியாதுன்னு சொல்லுவேன்?"

நியாயம். நூற்றுக்கு நூறு நியாயம். கைதட்டலை நிறுத்துங்கள். பின்வரிசைத் தம்பி, விசில் வேண்டாம். சிஸ்டர், இப்போது பதில் சொல்லாதீர்கள். வீட்டுக்குப் போங்கள், வீட்டுக்காரரோடு பேசுங்கள், பிள்ளைகளைப் பாருங்கள். நாளைக் காலையில் நானே உங்கள் வீட்டுக்கு வருகிறேன். பேனர் இல்லை, மாலை இல்லை, பேச்சும் இல்லை. என்ன வேண்டும் என்று கேட்பேன். சொல்வதைக் கேட்டுக்கொண்டு வருவேன். இருக்கிறேன் என்றால் எங்கள் பேறு. போகிறேன் என்றால் போகிறவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்ட முதல் செயலாளன் நானாக இருப்பேன்.

மண்டபம் தந்தவருக்கு நன்றி. விளக்குப் போட்டவருக்கு நன்றி. எழுந்து நின்று என் பேச்சைக் கெடுத்த எலக்ட்ரீஷியன் தம்பிக்குத் தனி நன்றி. பேச்சாளர்கள் கடைசியில் அவைக்கு வணக்கம் சொல்லி அமர்வார்கள். இன்று மட்டும் அவையோர் என்னை மன்னிக்க வேண்டும், அந்த வணக்கம் உங்களுக்கு இல்லை.

சிஸ்டர், நீங்கள் நிலையத்துக்கு வந்த முதல் நாள் நாங்கள் யாரும் வாசலில் இல்லை. காவலாளி சாவியைக் கொடுத்தார், நீங்களே திறந்துகொண்டு உள்ளே போனீர்கள். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்றைக்குச் சொல்கிறேன். வாங்கம்மா. வணக்கம்.