பேய் விலகிய மாதம்

எண்பத்து நான்காம் ஆண்டு, தைப்பூசம் முடிந்த மறுவாரம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் தொழிற்சாலைச் சீருடை அணிந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“என்னைப் பிடிச்ச பேய் போயிடுச்சுக்கா” என்றாள் இளையவள்.

“எந்தச் சாமி ஓட்டுச்சு?”

“தீபாவளிக்கு முந்தி மாமியார் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி, எலுமிச்சம்பழம் வெட்டி, கையில கயிறு கட்டினாங்க. அதே வாரம் நான் யாருக்கும் தெரியாம கர்ப்பத்தடை மாத்திரைய நிறுத்திட்டேன். அத ஆரம்பிச்சதுலேருந்துதான் அழுகை. சோறு வடிக்கறப்பகூட செத்துடலாம் போல இருக்கும்.”

“கிளினிக்ல சொல்லலையா?”

“சொன்னேன் லா. நர்ஸ் மிஸ்ஸி சிரிச்சாங்க. மாத்திரை வயித்துக்குத்தான் போகுது, மண்டைக்கு இல்லன்னாங்க.”

“வீட்டுக்காரரு?”

“அவரு சேவல் நேந்துக்கிட்டாரு.”

மூத்தவள் சிரித்துவிட்டாள். “இப்ப நல்லாத்தானே இருக்க?”

“அழுகை நின்னுடுச்சு. ஆனா ரெண்டு மாசம் முழுகாம இருக்கேன். மாத்திரைய மறந்துட்டியான்னு அவரு திட்டினாரு. இது பொறந்த கையோட மறுபடி ஆரம்பிக்கணுமாம்.”

“அப்ப?”

“கயித்த அவுத்து, அடுத்த தடவைக்குன்னு மாமியார் பத்திரமா வெச்சிருக்காங்கக்கா.”