வாறன் என்று போனவர்

இரவு பதினொரு மணி. கென்னடி ரோட்டில் ஈ காக்கை இல்லை. விழுகிற மழை விழுந்த இடத்திலேயே ஐஸாகிக்கொண்டிருந்தது... எங்கள் துர்க்காவின் ஒன்றுவிட்ட அக்கா கிறிஸ்ரினா வேலை முடிந்து தனியே காரில் வந்துகொண்டிருந்தாள். கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் துர்க்காவிடமே கேட்கலாம்.

அவளுடைய வேலை ஒரு மாதிரியானது. வடதுருவக் கரையில், ஒரு காலத்தில் கிடந்த பனிச்சுமை கரைந்துபோனதால் பாறை இன்னும் மெல்ல மெல்ல எழும்பிக்கொண்டிருக்கிறது. கடல் ஏறுகிறதா, நிலம் ஏறுகிறதா... இரண்டையும் பிரித்து அளக்கவேண்டும். பாறையில் பூட்டிய ஜிபிஎஸ் கருவி அனுப்புவதை இவள் இங்கிருந்து பார்ப்பாள். நகக்கனம் அசைந்தாலும் அது காட்டிவிடும்.

போன சித்திரையில் அந்தக் கருவி பழுதாக, அதைக் கழற்றப் போனவர் அவளுடைய கணவர் ஜோசுவா. போனில் கடைசியாக, "கழட்டிப்போட்டன். கையிலதான் கிடக்கு. சரி, வாறன்" என்றார். எங்கள் சனம் புறப்படும்போது "போறன்" என்று சொல்வதில்லையே.

திரும்பி வரும் வழியில் அவர் காலடியில் கடல் ஐஸ் உடைந்தது. ஆளும் இல்லை, கருவியும் இல்லை. உடல் கிடைக்காமல் அடக்கமும் இல்லை. ஒருக்கால் வந்து முகத்தைக் காட்டினால் போதும் என்று ஞாயிறு பூசையில் அழுவாள். பாவம்.

அன்று கார் ஓடும்போதே போன் அதிர்ந்தது. சிவப்பு விளக்கில் நின்று பார்த்தாள். அந்தக் கருவி... கடலடியில் கிடப்பது... தான் இருக்கும் இடத்தை அனுப்பியிருந்தது. சட்பரி, வடக்கே நாலு மணி நேர ஓட்டம். அடுத்த விளக்கில், பரி, ஒரு மணி நேர ஓட்டம். ஸ்காபரோவில் வீட்டடியில் காரை நிறுத்தும்போது, றிச்மண்ட் ஹில், கிட்டத்து ஊர்.

ஓட்டமும் நடையுமாகப் பதினாலாம் மாடிக்குப் போய்க் கதவைப் பூட்டினாள். மறுபடி அதிர்ந்தது போன். இவளுடைய கட்டடம்... உயரமும் இதே மாடி.

சொட்... சொட்... கடற்பாசி நாற்றம்.

வா வா என்று அத்தனை மாதம் அழுதவளுக்கு, இப்போது கதவு ஓட்டையில் கண் வைக்கவும் தைரியம் வரவில்லை. கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு, சொல்லக்கூடாத அந்தச் சொல்லைச் சொன்னாள்.

"போங்கோ... உங்களக் கும்பிட்டன், போங்கோ."

சொட்டுவது நின்றது.

விடியும்வரை அழுதாள். கட்டியவரை வாசலிலேயே வைத்துத் துரத்திவிட்டேனே என்ற அழுகை. பிறகு லப்டொப்பைத் திறந்து, கடைசியாக வந்த அளவைக் கட்டடத்தின் வரைபடத்தில் வைத்துப் பார்த்தாள். புள்ளி கொரிடோரில் இருக்கும் என்றுதான் நினைத்தாள்.

இல்லை...

கதவுக்கு உள்ளே ஒரு முழம். அவள் முதுகுக்குப் பின்னால்.