பின்னறையில் பிடிபட்ட புதிர்

அவையின் தலைமை நாற்காலியை அணிசெய்யும் பயிற்சி நிலைய நிறுவனர் அவர்களே, கற்றுத் தெளிந்த ஆசிரியப் பெருமக்களே, தம் பிள்ளையின் பெயர் இம்மேடையில் ஒலிக்காதா என்று காதைத் தீட்டி அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தந்தையரே, இருக்கை கிடைக்காமல் சுவரைத் தாங்கி நிற்கும் தம்பி தங்கையரே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். நிற்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக.

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வில் தர்க்கப் புதிர்களை வென்றது எப்படி? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. சொல்கிறேன். முழுவதும் சொல்கிறேன்.

புதிர் என்றால் என்ன? ஏழு பேர், ஏழு நாற்காலி. மருத்துவர் ஓவியர் பக்கத்தில் உட்காரமாட்டார். பாடகருக்கு ஓரத்து நாற்காலிதான் வேண்டும். அப்படியானால் யார் எங்கே? சண்டை போட்ட சம்பந்திகளைக்கூட ஒரே வரிசையில் உட்காரவைத்துவிடலாம். இவர்களை முடியவில்லை என்னால்!

பகலில் மருந்துக்கடையில் வேலை. மாலையில் இங்கே வகுப்பு. முதல் மாதிரித் தேர்வின் புதிர்ப் பகுதியில் நான் வாங்கியது முட்டை. சிரியுங்கள், சிரியுங்கள். அன்று வகுப்பும் சிரித்தது. மறுநாளே என்னைப் பின்னறைக்கு மாற்றினார்கள். முன்னறைக்கு ஆசிரியர் உண்டு, பின்னறைக்கு? பழைய வினாத்தாள் கட்டு உண்டு. ஆசிரியர் வருவாரா என்கிறீர்களா? வருவார், சாக்பீஸ் எடுக்க வருவார்.

அங்கேதான் பென்சிலைச் சந்தித்தேன். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகியிருப்பாள்; அதனால் அந்தப் பெயர். படுக்கையில் விழுந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை விட்டு, பல ஆண்டு கழித்துத் திரும்பி வந்தவள். புதிரில் அவளும் என்னைப் போல மட்டம்தான்.

சொல்லித்தர ஆளில்லை. அதனால் ஒருவரோடு ஒருவர் வாதிட்டோம். விடை தப்பானால் ஏன் தப்பு என்று அவள் கேட்பாள். நான் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் அதே புதிர், மறுநாளும், அதற்கு மறுநாளும்.

ஒரு மாலை அவள் என் தாளைப் பிடுங்கிக்கொண்டாள். "ஏண்டி, எடுத்த எடுப்புல ஆளைத் தூக்கி நாற்காலியில போடுற? யாரு எங்க உட்காரவே முடியாதுன்னு முதல்ல பாப்போம்."

பார்த்தோம். முடியாத இடங்களையெல்லாம் அடித்தோம். மிச்சமிருந்த இடங்களில் ஆட்கள் தாமாகப் போய் உட்கார்ந்தார்கள். கேள்வியைப் படிக்கும் முன்பே பாதி விடை கையில் இருந்தது! பெற்றோர்களே, பிள்ளைகளே, வித்தை இவ்வளவுதான். கடைசி மாதிரித் தேர்வில் புதிர்ப் பகுதியில் முதல் மதிப்பெண் யாருக்கு? முன்னறைக்கா? இல்லை. பென்சிலுக்கு.

பிறகுதான் நிறுவனர் எங்களை அழைத்தார். "நீங்க ரெண்டு பேரும் இந்த வருஷம் எழுத வேண்டாம்மா. அடுத்த வருஷம் தெம்பா எழுதலாம்."

"இப்ப நல்லாப் போடுறோமே சார்?" என்றேன்.

"ஒரு தேர்வை வெச்சு எப்படிம்மா நம்புறது? நூற்றுக்கு நூறு தேர்ச்சின்னு விளம்பரம் கொடுத்திருக்கோம். நிலையத்தோட பேரையும் பாக்கணும் இல்லையா?"

பென்சில் மெல்லச் சொன்னாள். "எனக்கு இதுதான் கடைசி வருஷம் சார். வயசு தாண்டிடும்."

"வயசு வரம்பைத் தளர்த்தப் போறாங்கம்மா. என்னை நம்பு."

நான் நம்பவில்லை; தனியாக விண்ணப்பித்தேன். அவள் நம்பினாள். "சார் நம்ம நல்லதுக்குத்தானே சொல்வாரு" என்றாள். எவரும் எந்த வரம்பையும் தளர்த்தவில்லை. நான் வழக்கறிஞரானேன். அவள் ஒரு கண் மருத்துவமனை வரவேற்பறையில், வருகிறவர்களை வரிசையாக உட்காரவைக்கிறாள்.

முன்வரிசையில் ஏன் இத்தனை இருமல்? தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார், சுருக்கமாக முடிக்கவும் என்று. முடிக்கிறேன் ஐயா. பென்சிலின் படிப்பை நீங்கள் முடித்த அளவுக்குச் சுருக்கமாக முடிக்க எனக்கு வராது.

தம்பி தங்கையரே! புதிரில் நிபந்தனையை ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டால் மதிப்பெண் போகும். ஆனால், உனக்கு இடமில்லை என்று ஒருவர் சொல்லும்போது கேட்காவிட்டால்? வாழ்க்கையே போகும்! யார் போட்ட நிபந்தனை? யாருக்காகப் போட்ட நிபந்தனை? எந்தத் தாளில் இருக்கிறது அந்த நிபந்தனை? கேளுங்கள். கேட்கக் கற்பதற்குத்தானே சட்டம் படிக்க வருகிறீர்கள்? உங்கள் விண்ணப்பத்தை நீங்களே போடுங்கள். எவர் தடுத்தாலும் போடுங்கள்.

இந்த விழாவுக்குப் பென்சிலையும் அழைத்தேன். "நான் வரலடி. அந்த நிலையத்துப் படியை இனி மிதிக்க மாட்டேன். நீ போய்ச் சொல்லு. அழாம சொல்லு" என்றாள்.

அழாமல் சொல்லிவிட்டேன். கேட்டவர்களுக்கு நன்றி. கேட்க வேண்டியவருக்கும் நன்றி. வணக்கம்.