தள்ளி வாங்கிய பாயிண்ட்

சயானில் மின்சார ரயில் ஏறிய இருவரும் தாராவி ஸ்கூட்டர் மெக்கானிக்குகள் போலிருந்தது, கையெல்லாம் கிரீஸ். இளையவர் ஆரம்பித்தார்.

“அந்த வண்டியில பிரேக்கே கிடையாது மச்சான்.”

“கழட்டி வித்துட்டானுவளா?”

“மண்ணுல ஓட்டுற ரேஸு பைக்கே அப்பிடித்தான். நேத்து வீடியோ கேசட்ல பாத்தேன். நாட்டுக்கு நாடு டீம் போட்டி, குவாலிஃபையிங் ரவுண்டு. மண்ணுல சறுக்கிக்கிட்டே வளையுதானுவ. ஒரு டீமுக்கு ஒரே பாயிண்ட் வேணும், மூணாவதா வந்தாப் போதும். நாலு பேருல ஒருத்தன் விழுந்துட்டான். கடைசி வளைவுல அந்த டீம்காரன் வண்டியும் நின்னுட்டு.”

“போச்சு!”

“எறங்கி, கோடு வரைக்கும் தள்ளிக்கிட்டே ஓடுனான் மச்சான். பாயிண்ட் குடுத்துட்டானுவ!”

“தள்ளுனதுக்கா?”

“தள்ளுனதுக்குத்தான்.”

குர்லா போயிற்று, காட்கோபரும் வந்துவிட்டது. மூத்தவர் கை கிரீஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“இனிமே நம்ம கடைக்கு ஸ்கூட்டரத் தள்ளிக்கிட்டு வாரவனப் பாத்து சிரிக்கக்கூடாது மாப்ள.”