பீக்கிங் கடிதத்தை எடுத்தவள் நான்

றீற்றா அக்கா, நாளை காலை பொலிஸ் நிலையத்தில் நடேசன் மாமாவுக்கு மொழிபெயர்க்கப் போகும் நீங்கள், அதுவரை இதை ஒருவருக்கும் காட்டவேண்டாம். அம்மாவுக்குக் காட்டவே வேண்டாம். அங்கே வைத்து மாமா தானே வாசிக்கவேண்டும் என்பதற்காகத் தமிழில் எழுதுகிறேன்.

எனது பெயர் சுபானி இராசலிங்கம். வயது பதினாறு. ஜேர்மனியின் ஹனோவரில் அம்மாவுடன் வசிக்கிறேன்.

2006 மார்ச் 10ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலை, நடேசன் மாமாவுக்குக் காய்ச்சல் என்பதால், அவர் துப்புரவு செய்யும் நிறுவனத்துக்கு அவருடைய கதவுத் திறப்புடன் அம்மாவும் நானும் போனோம். எங்கள் ஆட்களில் ஒருவருக்கு இயலாவிட்டால் இன்னொருவர் போய்ச் செய்வது வழக்கம், முதலாளிக்குச் சொல்வதில்லை. அங்கே அம்மா படிக்கட்டைத் துடைத்தா, நான் ஆவண அறைக் குப்பையை எடுத்தேன். அந்த நிறுவனம் முன்பு சீனாவுக்குத் தண்டவாளம் விற்றது. சீன அரசுக்கு ரயில்பாதைக் கடனைக் கொடுப்பது யார் என்று ஜேர்மன், ஆங்கிலேய, பிரெஞ்சுத் தூதுவர்கள் போட்டியிட்டதைப் பற்றித்தான் நான் வரலாற்றுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். மேசையில் 1909இல் ஒரு முகவர் பீக்கிங்கிலிருந்து எழுதிய கடிதம் கிடந்தது. கடன் ஆங்கிலேயர் கைக்குப் போனால் தண்டவாள ஓடரும் போய்விடும், பிரெஞ்சுக்காரர் வருமுன் கையொப்பம் வாங்கவேண்டும் என்று அதில் இருந்தது. சீனர் என்ன கேட்டார்கள் என்று ஒரு வரியும் இல்லை. பிரதி எடுக்கும் இயந்திரம் பூட்டியிருந்ததால் கடிதத்தை என் கட்டுரைக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். அடுத்த முறை போய் வைத்துவிட நினைத்தேன். அதற்குள் பூட்டை மாற்றிவிட்டார்கள். திறப்பு மாமாவின் பெயரில் இருந்ததால் பொலிசார் அவரை விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் அனுப்பினார்கள். களவு வழக்கு வந்தால் அவருக்கு விசா நீடிக்கமாட்டார்கள்.

நேற்று மாமா எங்கள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அம்மாவிடம், "தங்கச்சி, நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ. அண்டைக்கு நான்தான் போனனான் எண்டு சொல்லப்போறன்" என்றார்.

"உங்கட விசா, அண்ணை?"

"நூறு வருசக் கடுதாசி, எலி திண்டிருக்கும். எலிக்கு விசாவும் தேவையில்லை."

அம்மா சிரிக்கவில்லை. பொலிசாரின் கடிதத்தை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தா. நான் சுவருக்கு அடுத்த பக்கம், பீக்கிங் கடிதத்தின் மேல் அட்லஸை வைத்து அழுத்திக்கொண்டு இருந்தேன்.

மார்ச் 10 அன்று மாமா அந்த நிறுவனத்துக்குப் போகவில்லை. நான் எடுத்தது அம்மாவுக்குத் தெரியாது. கடிதத்தை இதனுடன் தருகிறேன். அதில் ஒரு மூலை மடிந்திருக்கிறது, அது என்னால் நடந்தது. இதில் உள்ளது முழுவதும் நடந்தபடியே எழுதியது, யாரும் சொல்லித்தரவில்லை என்று உறுதி கூறுகிறேன்.

சுபானி இராசலிங்கம்

கதவைத் தட்டும் சத்தம். "சுபானி, ஆருக்கு எழுதுறாய்?" அம்மா. கடிதத்தை இன்னும் உறைக்குள் வைக்க—