லாபத்துலருந்து எண்ணுனவரு

சந்தமேட்டுல புளியமரம் சாஞ்சிச்சே, அதுக்கடியிலதான் நான் மொதமொதல்ல மாடு புடிச்சேன். அந்த மரம் சாஞ்ச மறுவாரம், திண்டிவனம் பஸ்ல எனக்கு முன்சீட்டுல ரெண்டு பொம்பளைங்க பேசிகினு வந்தாங்க.

"லாபம்னு சொன்னதுக்கா புத்தி கலங்கிடுச்சுன்னாங்க, அண்ணி?"

"ஆமாண்டி. ஒங்கண்ணனுக்கு மூளையில எடப்பக்கம் அடைப்பு. வலக்கையும் பேச்சும் போச்சு."

"எடப்பக்கம் அடைச்சா வலக்கை எப்டிப் போவும்?"

"மூளை மாத்திதான் வேலை செய்யுமாம். டாக்டர் எண்ணச் சொன்னாரு. எம்பேரே சொல்ல வராத மனுசன், 'லாபம், ரெண்டு, மூணு'ன்னு கடகடன்னு எண்றாரு."

"அண்ணன் நெல்லு அளக்கறவராச்சே, மொத மரக்காலை ஒண்ணுன்னு சொல்லாம லாபம்னுதானே சொல்லுவாரு?"

"அதைச் சொன்னதும் டாக்டர் சிரிச்சுட்டாரு. புத்தி நல்லாருக்குது, பழகுன எண்ணிக்கை தப்பிச்சு நிக்குதுன்னாரு. எம்மவன்தான் நம்பாம, நெலத்தைக் குத்தகைக்கு விடறேன்னு நிக்கிறான். அத்தை நீ சொன்னா கேப்பான். வல்லத்துல எறங்குனதும் சொல்லிடு, அவங்கப்பனுக்குப் பேச்சுதான் போச்சு, கணக்கு போவலைன்னு."