நாற்பத்திரண்டு பேருக்கு ஒரே ரத்தம்

ஊசி குத்தும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளை எந்த வகுப்பு, மாமியார் சுகமா என்று எதையாவது கேட்டுவைத்தால் குத்தியதே தெரியாது. எனக்கு நானே குத்திக்கொண்டபோதுதான் என்னிடம் என்ன கேட்பது என்று புரியாமல் கொஞ்சம் திண்டாடிப்போனேன்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள் இன்ஸ்பெக்டர் சார், சொல்கிறேன். பேட்டரித் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்வதற்கு முன் பதினோரு வருஷம் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். கைராசிக்காரன் என்று பெயர். அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழிலாளர்களிடம் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும் வேலையையும் மேனேஜர் என் தலையிலேயே கட்டினார்.

ரத்தம் எதற்கு என்றால், பேட்டரித் தட்டுகளில் பூசுவது ஈய ஆக்சைடு. எங்களுக்குப் பொடி. மஞ்சளும் உண்டு, சிவப்பும் உண்டு, பார்க்க லட்சணமாக இருக்கும். முகத்துக்குப் போடும் பவுடரைவிட நைஸ். ஆனால் ஒரு சின்ன டப்பாவைத் தூக்கினாலே தோள்பட்டை இறங்கிவிடும், அவ்வளவு கனம். வாசனை கிடையாது, மூக்கு எரியாது, கண் கரிக்காது. மரியாதை தெரிந்த விஷம். தண்ணீரில் கரையாத இந்தப் பொடி வயிற்றுக்குள் போனால் அங்கிருக்கும் அமிலத்தில் கரைந்துவிடும். உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று நம்பி எலும்புக்குள் குடிவைத்துவிடும். இருபது வருஷமானாலும் காலி செய்யாது. வயிற்று வலி, மலச்சிக்கல், மறதி, கடுகடுப்பு, கடைசியில் மணிக்கட்டு தொங்கிப்போவது. கர்ப்பிணியாக இருந்தால் பிள்ளைக்கும் பங்கு போகும். இதையெல்லாம் படம் போட்டு வகுப்பு எடுத்திருக்கிறேன். என் வகுப்பில் ஒருவரும் தூங்கியதில்லை.

முதல்முறை ரத்தம் எடுத்த நாளை மறக்க முடியாது. பொடி கலக்கும் ஆள் ஒருவர் இருந்தார். வேலை முழுக்கப் பாடிக்கொண்டே இருப்பார் என்பதால் பாட்டுக்காரர் என்றே பெயர். ஆள் பீரோ மாதிரி. ஊசியைக் கண்டதும் சாய்ந்தார். அவரைப் பிடிக்கப் போனவரும் சாய்ந்தார். அன்று நான் எடுத்த ரத்தத்தைவிட முகங்களில் தெளித்த தண்ணீர் அதிகம்.

அறிக்கை வந்தது. ரத்தத்தில் ஈயம் நாற்பது வரை பரவாயில்லை என்பது எங்கள் விதிப் புத்தகம். நாற்பத்திரண்டு பேரில் முப்பத்தொன்பது பேர் அதைத் தாண்டியிருந்தார்கள். பாட்டுக்காரருக்கு அறுபத்தாறு. தாண்டினவர்களைப் பொடிக் கூடத்திலிருந்து வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். முப்பத்தொன்பது பேரை எங்கே மாற்றுவது? என் அறையில் இரண்டே நாற்காலி.

அறிக்கையை டிராயரில் வைத்துப் பூட்டினேன். குழாய்களில் தூசி பட்டுவிட்டது, மறுபடி அனுப்புகிறேன் என்று பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்தேன். அத்தனை பேரையும் இன்னொருமுறை மயக்கம் போடவைக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு குழாய்க்கு மூன்று மில்லி. நாற்பத்திரண்டுக்கும் சேர்த்து ஒரு டம்ளருக்கும் குறைவு. கதவைச் சாத்திவிட்டு இடது கையை நீட்டிக்கொண்டேன்.

ஐந்து, ஐந்து, நான்கு, ஐந்து என்று முத்து முத்தாக வந்தது அறிக்கை. மேனேஜர் என் தோளில் தட்டினார்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் இந்தக் கையும் அந்தக் கையுமாக மாற்றி மாற்றி எடுத்தேன். தொழிலாளர்களுக்குப் புது மிஷின் வந்திருப்பதாகச் சொன்னேன். விரல் நுனியில் மாட்டும் கிளிப் ஒன்று வைத்திருந்தேன், நாடி பார்க்கிற கிளிப். மாட்டினால் சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கைப் பார்த்ததுமே பாதிப் பேருக்கு உடம்பு சரியாகிவிட்டது. ஊசியே இல்லாமல் ரத்தம் பார்க்கிற மகராசன் என்று வீட்டில்கூடச் சொல்லிக்கொண்டார்களாம். சிறந்த பாதுகாப்புக்கான கேடயம் இரண்டுமுறை எங்களுக்கு வந்தது.

நடுவில் ஒரு சின்னச் சிக்கல். பரிசோதனைக் கூடம் தொடங்கிப் பத்து வருஷம் ஆனதை முன்னிட்டு, சர்க்கரை, கொழுப்பு, ரத்த வகை எல்லாவற்றையும் இலவசமாகப் பார்த்து ஆளுக்கொரு அட்டையும் அனுப்பிவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குச் சர்க்கரை உண்டு. ஆகவே நாற்பத்திரண்டு பேருக்கும் சர்க்கரை. எல்லாருக்கும் ஏ பாசிட்டிவ்.

பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு பெண் போன் செய்து, "என்ன சார், எல்லாரும் ஒரே குடும்பமா?" என்று கேட்டாள்.

"எங்க ஃபேக்டரியே ஒரு குடும்பம் மாதிரிதாம்மா" என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

மேனேஜர் கேன்டீன்காரரைக் கூப்பிட்டுப் பிடி பிடியென்று பிடித்தார். டீயில் சர்க்கரை நின்றது. வறுத்தது பொரித்தது நின்றது. தினமும் காலையில் நாற்பத்திரண்டு பேரும் முற்றத்தைப் பத்துச் சுற்றுச் சுற்ற வேண்டும் என்று உத்தரவு. என் சர்க்கரை வியாதிக்கு அவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தபடி நான் பிஸ்கட் சாப்பிடுவேன். மனசுக்கு இதமான காட்சி.

மூன்றாம் வருஷம் பாட்டுக்காரர் பல்லவியோடு நிறுத்த ஆரம்பித்தார். சரணம் மறந்துபோயிற்றாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார், வாயுக் கோளாறு என்று மாத்திரை கொடுப்பேன். ஒருநாள் ஆறுதலுக்கு ஒரு டீயை நீட்டினேன், வாங்க முடியவில்லை. கை நனைந்த துணி மாதிரித் தொங்கியது. கையை மடக்கி வைத்துத் தூங்கியிருப்பீர்கள் என்று சொல்லி அறிக்கையைக் காட்டினேன். ஐந்து. மனிதருக்கு உடனே தெம்பு வந்துவிட்டது. தொங்கின கையை இன்னொரு கையால் தூக்கிப் பிடித்து எனக்கு வணக்கம் சொன்னார்.

அவருடைய தங்கை அதே பொடிக் கூடத்தில் தட்டு அடுக்குபவள். என்னையும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். நாலு மாதமாக இருந்தபோது என் அறைக்கு வந்தாள். "அண்ணே, இந்த நேரத்துல நான் பொடியில நிக்கலாமா? குழந்தைக்கும் போகும்னு நீங்கதானே சொன்னீங்க."

என் வகுப்பை அவ்வளவு நன்றாக யாரும் ஞாபகம் வைத்திருந்ததில்லை. பெருமையாக இருந்தது. கிளிப்பை மாட்டினேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, "உன் ரத்தம் சுத்தமா இருக்கும்மா. தாராளமா வேலைக்கு வா" என்றேன். அறிக்கையில் இருந்ததைத்தான் சொன்னேன். அந்த ரத்தம் சுத்தம்தான்.

ஏழாம் மாதம் பொடிக் கூடத்திலேயே விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. எங்கள் அட்டையை எடுத்து நீட்டியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் எதையும் அப்படியே நம்புகிறவர்கள் இல்லை. தாங்களும் ஒருமுறை பார்த்திருக்கிறார்கள். அவள் ஓ பாசிட்டிவ். அட்டையை நம்பி ஏற்றியிருந்தால் அவளும் போயிருப்பாள் என்று டாக்டர் சொன்னாராம். அவளும் என்று சொன்னது, குழந்தை ஏற்கெனவே போய்விட்டிருந்ததால்.

பிறகு அவளுடைய ரத்தத்தில் ஈயம் பார்த்தார்கள். எழுபத்தொன்று. அண்ணனுக்குப் பார்த்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக எல்லாருக்கும், ஊசி குத்தித்தான்.

நேற்று உங்கள் ஸ்டேஷன் வராந்தாவில் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டுக்காரருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை என்று நினைக்கிறேன், யாரையோ பார்ப்பது மாதிரிச் சிரித்தார். அவள் திட்டவில்லை. "ஒரே ஒரு தடவ நெஜமா குத்தியிருந்தா நான் வேலைய விட்டு நின்னிருப்பேனே அண்ணே" என்றாள்.

"வலிக்குமேன்னு பாத்தேம்மா" என்றேன்.

அவள் திரும்பி, அண்ணனுடைய சட்டைப் பொத்தானைப் போட்டுவிட ஆரம்பித்தாள். அவருக்கு இப்போது இரண்டு கையும் உதவுவதில்லை.

நீங்கள் என் அலமாரியில் எடுத்த பைகளைப் பற்றிக் கேட்டீர்கள். பொடிக் கூடத்துத் தூசியை உறிஞ்சும் மிஷினின் வடிகட்டிப் பைகள் அவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியவன் நான். மாற்றியதாகப் பதிவேட்டில் என் கையெழுத்து தவறாமல் இருக்கும். ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. பையை மாற்ற வேண்டுமென்றால் கூடத்துக்குள் போய் அரை மணி நேரம் நிற்க வேண்டும். அங்கே பறப்பது என்ன என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? முதல் அறிக்கையைக் கொடுத்திருந்தால் முதல் கேள்வியே பைகளைப் பற்றித்தான் வந்திருக்கும். ஆமாம், காரணம் அதுதான். அவர்கள் ஊசிக்குப் பயந்தார்கள், நான் பொடிக்குப் பயந்தேன். பயம் எல்லாருக்கும் பொது.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். நேற்று உங்கள் டாக்டர் என் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார். நான்கு. மூன்று வருஷத்தில் நான் அந்தக் கூடத்தின் வாசல்படியை மிதிக்கவில்லை, முகமூடி இல்லாமல் முற்றத்தைக்கூடத் தாண்டவில்லை. அந்தத் தொழிற்சாலையில் பாதுகாப்பு விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தவன் நான் ஒருவன்தான்.